தி. நகரில் நான் திறந்த கதவு

நான் சென்னைக்குப் போனது தம்பி மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க. போலீஸ் ஸ்டேஷன் பார்க்கப் போகவில்லை. ஆனால் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டு இடத்திலும் குடித்ததில் ஸ்டேஷன் டீதான் நன்றாக இருந்தது.

எனக்கு ஊர் மலேசியாவில் தைப்பிங். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேண்டும். அதனால் வேண்டாத சங்கதிகளை எழுதமாட்டேன். விமானத்தில் என்ன கொடுத்தார்கள், ஜன்னலில் என்ன தெரிந்தது என்பதெல்லாம் போனவர்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷம் மோட்டாரில் பால் ஊற்றியவர். எங்கள் பக்கம் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். கார் என்றால் காடி. ஒரு நாள் விடியற்காலையில், ஓரமாக நின்றிருந்த லாரியின் டிரைவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தான். இவர் ஒரு பக்கம், பால் டின் ஒரு பக்கம். கை முறிந்து ரோட்டில் கிடந்த மனிதரைத் தூக்க ஆள் வருவதற்கு முன்னால், பாலைக் குடிக்க அந்த வட்டாரத்து நாய்கள் எல்லாம் வந்துவிட்டன.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். காடியிலிருந்து இறங்கும்போது கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால்தான் திறக்க வேண்டும். வலப்பக்கக் கதவானால் இடது கை. இடப்பக்கக் கதவானால் வலது கை. கை குறுக்கே போனால் தோள் திரும்பும், தோளோடு முகமும் திரும்பும், பின்னால் வருகிற மோட்டார் கண்ணில் படும். வீட்டுக்கு வருகிற விருந்தாளியைக்கூட இரண்டு தடவை ஏறி இறங்கிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் காப்பி கொடுப்பார். "காடிக்காரன் கண்ணில் லாரி படும், பஸ் படும், மாடுகூடப் படும். மோட்டார் மட்டும் படவே படாது" என்பார். இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் நாள் மயிலாப்பூரில் தம்பி தண்டபாணி வீட்டில் இறங்கினேன். கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அவன் படிக்க வந்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்கி இங்கேயே தங்கிவிட்டவன். நான் இருக்கிற நாட்களுக்கெல்லாம் சேர்த்து, தெருமுனை டாக்சி ஸ்டாண்டில் முனுசாமி என்பவரின் அம்பாசடர் காரைப் பேசி வைத்திருந்தான். கார் முதலாளியுடையது, ஓட்டுவதுதான் முனுசாமி. ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் இல்லை.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் நான் பார்த்த மோட்டார்களைச் சொல்கிறேன். ஒன்றில் அப்பா ஓட்ட, பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா ஒருக்களித்து, அவள் மடியில் இன்னொரு பிள்ளை, அவள் கையில் ஒரு தூக்குச் சட்டி. ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. தேனாம்பேட்டை சிக்னலில் ஒரே ஒருவரிடம் ஹெல்மெட் பார்த்தேன். முழங்கையில் மாட்டியிருந்தார். அந்த முழங்கைக்கு ஒரு ஆபத்தும் வராது. பஜாரில் இன்னொருவர் ஹெல்மெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஹெல்மெட் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குப் போனாலே போலீஸ் நிறுத்தும்.

முனுசாமி ஓயாமல் ஹாரன் அடித்தார். எதற்கு என்று கேட்டேன். "நாம வர்றது அவனுக்குத் தெரியணும்ல?"

"அவன் வருவது உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் அடிப்பான்ல" என்றார்.

இரண்டாம் நாள்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். வீடு தி. நகரில் கடைத்தெருவை ஒட்டி. பெண் வீட்டுக்கு மூத்தவள் நான் என்பதால் வெற்றிலைத் தட்டு என் கையில். முன்னால் தம்பி. பின்னால் தம்பி மனைவி கோமதி இடது ஓரம், நான் வலது ஓரம். முனுசாமி காரை இடப்பக்கமாக ஓரங்கட்டி நிறுத்தினார். கோமதி அந்தப் பக்கமாக இறங்கினாள்.

நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். காரில் இடப்பக்கம் இறங்கினால் முதலில் தரையில் படுவது இடது கால். வலப்பக்கம் இறங்கினால்தான் வலது கால். சம்பந்தம் பேசப் போகிற வாசலில் மூத்தவள் இடது காலை வைப்பதா? நான் வலப்பக்கக் கதவிலேயே கையை வைத்தேன்.

"அம்மா, அந்தாண்ட ரோடு. இந்தாண்ட நகர்ந்து எறங்கு" என்றார் முனுசாமி.

எனக்குச் சொல்லித்தர வேண்டாம், நீ உன் வேலையைப் பார் என்றேன். இடது கையில் தட்டு. அந்தக் கை சும்மா இருந்திருந்தாலும் நல்ல காரியத்துக்கு அதால் திறந்திருக்கமாட்டேன். வலது கையால் கதவைத் தள்ளினேன். வலது காலை எடுத்து வைத்தேன். கால் சரியாகத்தான் விழுந்தது.

கதவில் மோட்டார் மோதியது. ஓட்டி வந்த பையன் கதவுக்கு மேலாகப் பறந்து, எதிரில் வாழையிலைக் கட்டுகளை இறக்கிவைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தவரின் இலைகளின் மேல் போய் விழுந்தான். இலை மட்டும் இல்லாவிட்டால் நான் இதை எழுதியிருக்க முடியாது. அவன் கூரியர் கம்பெனி பையன். பையிலிருந்த தபால்களும் என் தட்டிலிருந்த வெற்றிலையும் தெரு முழுக்கக் கலந்து கிடந்தன. பையன் எழுந்து உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது. இலைக்காரர், கிழிந்த இலைக்கு யார் பொறுப்பு என்றார்.

கூட்டம் கூடியது. கூட்டம் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக முனுசாமியின் சட்டையைப் பிடித்தது. இரண்டாவது பொத்தானும் போயிற்று. கான்ஸ்டபிள் வந்தார். அவரும் முனுசாமியிடம்தான் லைசென்சைக் கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். தம்பி என் முழங்கையை அழுத்தினான்.

"அக்கா, நீ வெளிநாட்டுப் பாஸ்போர்ட். கேசுன்னு ஆயிட்டா ஊருக்குப் போக முடியாது. கல்யாணமும் நின்னுடும். பேசாம உள்ள வா" என்றான்.

நான் பேசாமல் உள்ளே போனேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பஜ்ஜி வைத்தார்கள், சாப்பிட்டேன். கேசரி வைத்தார்கள், சாப்பிட்டேன். இரண்டாம் தடவை வைத்தார்கள், அதையும் சாப்பிட்டேன். இப்போதெல்லாம் டிரைவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நான் தலையாட்டினேன். எத்தனை தடவை ஆட்டினேன் என்பது எனக்கும் கபாலிக்கும்தான் தெரியும்.

சாயங்காலம் டெலிபோன் பூத்துக்குப் போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பையன் ஹெல்மெட் போட்டிருந்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். தோள்பட்டை எலும்பு விரிசலாம், பிழைத்துக்கொள்வானாம் என்றேன். அப்புறம், "எந்தக் கையால திறந்தே?" என்றார்.

நான் பூத் மீட்டரைப் பார்த்தேன். அதில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் போனை வைத்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்தப் பேச்சையும் அவர் முதலில் முடித்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். முனுசாமி எங்கே என்று தம்பியைக் கேட்டேன். ஸ்டேஷனில்தான், காரையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும், லைசென்ஸ் போனாலும் போகும் என்றான். லைசென்ஸ் போனால் அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்றேன்.

"அவங்களுக்கெல்லாம் இது பழக்கம்தாங்கா."

"எது பழக்கம்?" என்றேன். தம்பி பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

கோயிலுக்குப் போகிறேன் என்று கோமதியிடம் சொல்லிவிட்டு, கோயில் வாசலிலேயே ஆட்டோ பிடித்தேன். வழியில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றார் ஆட்டோக்காரர். நான் இறங்குவதற்குள் அவர் வண்டியை என்னோடு சேர்த்து ஒரு பக்கமாகச் சாய்த்தார். டாங்கி மூலையில் ஒட்டிக்கிடக்கும் பெட்ரோல் இந்தப் பக்கம் வருமாம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த வாக்கிலேயே எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். வண்டி கிளம்பிவிட்டது. எங்கள் ஊரில் இப்படி ஒரு வித்தை யாருக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்கிறார்கள். மீசைக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்குகிறவர் மாதிரி இருந்தார். வெளிநாட்டு அம்மா என்றதும் டீ வரவழைத்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. குடித்துவிட்டு, கேசில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். டிரைவர் முனுசாமி, சாலையைக் கவனிக்காமல், தன் இருக்கையிலிருந்து கையைப் பின்னால் நீட்டி, வலப்பக்கப் பின்கதவைத் திறந்தார் என்று வாசித்தார். அடியில் சாட்சிக் கையெழுத்து. என் தம்பியின் கையெழுத்து, இங்கிலீஷில், அழகாக.

திறந்தது நான், மாற்றி எழுதுங்கள் என்றேன்.

"அம்மா, எழுதினது எழுதினதுதான். வீட்ல போய் ரெஸ்ட் எடுங்க."

முன்னால் உட்கார்ந்தவனுக்குப் பின்கதவு எப்படி எட்டும் என்றேன். ஏன் எட்டாது, எட்டும் என்றார். எட்டாது என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கார் ஸ்டேஷன் வளாகத்திலேயே, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் முனுசாமி குந்தியிருந்தார். சட்டையை ஊக்கு குத்தி மூடியிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

ரைட்டர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் இடப்பக்கம் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உடம்பை முறுக்கிக் கையைப் பின்னால் விட்டார். தொப்பை ஸ்டீரிங்கில் இடித்தது. மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை விட்டார். கைப்பிடி சிக்கியது. "பாத்தியாம்மா, எட்டுது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கதவை அகலமாகத் தள்ளினார்.

அதே நேரம் கேட்டுக்குள் மோட்டாரில் நுழைந்தவர் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்.

பிரேக் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் எழுந்தன. மோட்டார் வழுக்கி, முன்சக்கரம் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு காலை ஊன்றிச் சமாளித்தார். தொப்பி மட்டும் உருண்டு வந்து முனுசாமி அருகில் விழுந்தது. ரைட்டர் கையை இழுத்துக்கொண்டு, காரை ஓட்டப் போகிறவர் மாதிரி நேராகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"கதவை யார் தொறந்தது?" இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் முனுசாமியைப் பார்த்தார்கள். ரைட்டர் கண்ணாடியில் முனுசாமியைப் பார்த்தார். இருபது அடி தள்ளி மரத்தடியில் நின்ற முனுசாமி, தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே, "தப்புதான் சார், மன்னிச்சுக்கோ சார்" என்றார்.

தம்பி சொன்ன பழக்கம் இதுதான் என்று அப்போது எனக்கு விளங்கியது.

நான் முன்னால் போனேன். "ஐயா, இந்தக் கதவைத் திறந்தது ரைட்டர். நேற்று அதே கதவைத் திறந்தது நான். இந்த மனிதர் இரண்டு தடவையும் வேண்டாம் என்றோ மன்னியுங்கள் என்றோ சொன்னாரே தவிர, ஒரு கதவையும் திறக்கவில்லை" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். ரைட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னை உள்ளே உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல ரைட்டரையே புதிதாக எழுதச் சொன்னார். வலது கால் விஷயத்துக்கு வந்ததும் ரைட்டர் பேனாவை நிறுத்தி, இதையும் எழுதுவதா என்று கேட்டார். எழுது என்றார் இன்ஸ்பெக்டர். அஞ்சலை என்று நான்கு எழுத்தையும் நிதானமாகப் போட்டுக் கொடுத்தேன். தம்பி வந்து தன் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கோர்ட்டில் நான் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டும் நடந்தன. முனுசாமிக்கு லைசென்சும் காரும் அன்றைக்கே கிடைத்தன. கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் ஒன்று சொன்னார்: ஸ்டாண்டில் இருக்கிற டிரைவர் எல்லாருக்கும் கதவைப் பார்த்துத் திறக்கிற விதத்தை அந்த அம்மாவே வந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

தம்பி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஒரே குளியலறை இருக்கிற வீட்டில் அது சிரமம்தான். மாப்பிள்ளை வீட்டுக்கும் செய்தி போயிற்று. கல்யாணத்தை நிறுத்தவில்லை. அடுத்த தடவை பஸ்ஸில் வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

நான்காம் நாள் டாக்சி ஸ்டாண்டில் ஒன்பது டிரைவர்கள் நின்றார்கள். நான் முனுசாமியின் சீட்டில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் முறைப்படி இடது கையைக் குறுக்கே கொண்டுபோய், தோளைத் திருப்பி, பின்னால் பார்த்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினேன்.

"இன்னாம்மா, காலங்காத்தால பீச்சாங்கையால கதவத் தொறந்தா சவாரி வெளங்குமா?" என்றார் ஒரு கிழவர். மற்ற எட்டுப் பேரும் அதுதானே என்றார்கள்.

வலது கால்தான் என்று பிடிவாதம் பிடித்து ஒரு பிள்ளையின் தோளை உடைத்தவள் நான். வலது கைக்கு நிறைய வேலை இருக்கிறது, சோறு, கும்பிடு, சாமி. கதவை மட்டும் மற்றக் கைக்குக் கொடுங்கள் என்றேன். ஒருவரும் மசியவில்லை. கடைசியில் முனுசாமிதான் பேசினார். "நைனா, பின்னால வர்றவன் வூட்லயும் காலங்காத்தாலதான் சாமி கும்ட்டு அனுப்பிக்கீறாங்க" என்றார். கிழவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் தன் வண்டியில் ஏறி, யாரும் பார்க்காத மாதிரி ஒரு தடவை செய்து பார்த்தார். அடுத்தடுத்து மற்றவர்களும் ஏறினார்கள். கதவுகள் திறந்து மூடிய சத்தத்தில் எதிர் ஓட்டலில் சாப்பிட்டவர்கள் எச்சில் கையோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் நானும் முனுசாமியும் அந்தக் கூரியர் பையன் வீட்டுக்குப் போனோம். பெயர் அந்தோணி. பெசன்ட் நகரில் மாதா கோயில் தாண்டி மீனவர் குப்பம். முனுசாமி காரைக் குப்பத்து முனையிலேயே நிறுத்திவிட்டார். "நீ போய்ட்டு வாம்மா, நான் வண்டிலயே கீறேன்" என்றார். வெயிலில் எதற்கு என்றேன். அவர் ஸ்டீரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தோணி கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா பிலோமினா அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள். ஆளும் குரலும் கனம். நான் நின்றபடியே சொன்னேன், கதவைத் திறந்தது டிரைவர் இல்லை, நான்.

அவள் கை நின்றது. "அப்ப அந்த ஆளு?"

அவர் ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

அவள் மீனைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரி வாசல்ல, போலீஸ் எதிர்லயே அவர அறைஞ்சேன். ஒண்ணுமே சொல்லல. கன்னத்தத் தொடச்சிக்கினு, புள்ள எப்டி கீதுன்னு கேட்டாரு."

குப்பத்து முனையில் கார் ஏன் நின்றது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த அறை எனக்குச் சேர வேண்டியது, கொடுத்துவிடு என்றேன்.

"உனுக்கு இன்னா வயசு?"

"அறுபத்தெட்டு."

அவள் எழுந்து, ஈரக் கையோடு விறுவிறுவென்று குப்பத்து முனைக்கு நடந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் முனுசாமி காருக்குள்ளேயே கொஞ்சம் பின்வாங்கி உட்கார்ந்தார். அவள் ஜன்னலருகே நின்றாள். "அண்ணே, எறங்கு. வந்து துன்னுட்டுப் போ" என்றாள். அவர் பசியில்லை என்றார். "எறங்குண்ணே, கொழம்பு ஆறிக்கினு கீது" என்றாள். குழம்பு அப்போது அடுப்பில்கூட ஏறியிருக்கவில்லை.

குழம்பு ஆகிற வரைக்கும் மூவரும் அந்தோணியின் தோளைப் பற்றியே பேசினோம். அப்புறம் தரையில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். மீன் தலை முனுசாமிக்கு. கொழுத்த நடுத்துண்டும் அவருக்கே. எனக்கு வால். முள் எடுத்து எடுத்து மாளவில்லை; ஆனால் தைப்பிங்கில் நான் அப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை, இதை வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

பரிமாறிக்கொண்டே வந்தவள் என் முன்னால் வந்ததும் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். குனிந்து என் கன்னத்தில் தன் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் சத்தம் கேட்டது. ஈரமும் மஞ்சளும் மீன் வாசனையும் அப்படியே ஒட்டிக்கொண்டன. அது அறையா, தட்டிக்கொடுத்ததா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "சோறு இன்னும் வேணுமா?" என்றுதான் கேட்டாள். முனுசாமி மட்டும் தட்டை விட்டுத் தலையைத் தூக்காமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.